தட்டில் வைத்துக் காட்டிய துண்டு

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தவர்கள் இவர்கள்: வெள்ளிக்கிழமை தோறும் திருநெல்வேலியிலிருந்து வரும் பெரிய டாக்டர், அவருக்குக் கை கொடுக்கும் சின்ன டாக்டரம்மா, செங்கோட்டையிலிருந்து வரும் மயக்க டாக்டர், தியேட்டர் சிஸ்டர், அங்கே உதவியாளாக இருந்த நான். மேஜையில் வீரகேரளம்புதூர் சங்கரபாண்டி, வயது அறுபத்தொன்று. கதவுக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேர்: அவர் மனைவி இசக்கியம்மாள், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த ஒரே மகன் மாரியப்பன், இசக்கியம்மாளின் தம்பி கணபதி. கணபதி புளியறை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு ஆள் கூட இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாரோ என்று.

நம் ஆஸ்பத்திரித் தியேட்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சிஸ்டர் கேட்டார். நீங்கள் எல்லோரும் டிப்ளமா படித்து வந்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். எந்தக் கத்திரிக்கு என்ன பெயர் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். யாருக்காவது கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று இப்போதும் பயம். வந்தால் எனக்குத்தான் வரும், வரட்டும்.

நான் பயந்த சுபாவக்காரன். ரத்தம் ஒற்றி எடுக்கும் மாப் துணிகளைச் சிஸ்டர் எண்ணி முடித்த பிறகும் வாளிக்குள் குனிந்து மறுபடி எண்ணுவேன். ஆக்சிஜன் சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். “முருகையா, நீ இருக்க இடத்துல பூட்டுக்கே பூட்டு போடணும்” என்று சிஸ்டர் சிரிப்பார். இப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற நான், ஒரு சொல்லை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்காமல் வெளியே விட்டேன்.

சங்கரபாண்டியை வியாழக்கிழமை கொண்டு வந்தார்கள். ஆறு நாளாக மலம் போகவில்லை. வயிறு பானை மாதிரி உப்பி, குடித்த தண்ணீர் அப்படியே வாந்தியாக வந்தது. அவர் மாதக்கணக்காக ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து தின்றிருக்கிறார். ஸ்கேனில் பெருங்குடலில் கட்டி, ஈரலிலும் நிழல். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று மகன் சொன்னான். அவ்வளவு தூரம் இந்த வயிறு தாங்காது என்று சின்ன டாக்டரம்மா தடுத்துவிட்டார். மறுநாள் பெரிய டாக்டர் வந்து மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “தொறந்து பாத்தாத்தான் தெரியும் தம்பி. எடுக்க முடிஞ்சா எடுத்துருவேன். முடியலைன்னா மலம் போக வழி மட்டும் விட்டுட்டு மூடிருவேன்.”

எடுக்க முடிஞ்சா எடுத்துருவேன். அந்தக் குடும்பம் அதை மட்டும் பிடித்துக்கொண்டது. யாராக இருந்தாலும் அதைத்தான் பிடிப்பார்கள்.

வயிற்றைத் திறந்த பிறகு பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் கையை அசைக்கவில்லை. அவர் கை சும்மா நின்று நான் அதிகம் பார்த்ததில்லை. குடலுக்கு மேலே விரித்த கொழுப்புச் சவ்வு முழுக்கக் குருணை அரிசி தூவினாற்போல் இருந்தது. ஈரலில் கட்டிகள். “இதுல எதைப் போயி எடுக்க?” என்றார், யாரிடமும் இல்லாமல். மயக்க டாக்டர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். குடலின் ஒரு மடிப்பை வெளியே இழுத்து, வயிற்றில் மலம் போக வழி விட்டார்கள். பரிசோதனைக்காகச் சவ்விலிருந்து இரண்டு விரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார்கள். பிறகு தைத்தார்கள்.

இப்போது நம் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதை வெட்டி எடுத்தாலும் அதை எவர்சில்வர் தட்டில் வைத்து வெளியே கொண்டு போய் வீட்டாளுக்குக் காட்டி, அவர்கள் கண்முன்னால் பாட்டிலில் போட்டு மூடி, லேபுக்கு அவர்களிடமே கொடுத்தனுப்புவோம். “எங்க ஆளுடையது இது இல்ல, மாத்திட்டீய” என்று ஒரு குடும்பம் முன்பு சண்டைக்கு வந்ததிலிருந்து இப்படி. தட்டைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதவைத் தட்டோடு திறந்திருக்கிறேன். கர்ப்பப்பை, பித்தப்பை, குடல்வால். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி வரும். உள்ளே இருந்த சனியன் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். சில பேர் போனில் படம் பிடித்துக்கொள்வார்கள்.

சிஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. டாக்டர் பேசி முடிக்கும் வரை தட்டு வெளியே போகக் கூடாது. அன்றைக்கு ஒரு மணி பஸ்ஸை விட்டால் திருநெல்வேலி லேபை மூடிவிடுவார்கள், பிறகு சனி, ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமைதான். பெரிய டாக்டர் கை கழுவி, குறிப்பு எழுதி வருவதற்குள் பஸ் போய்விடுமே என்ற கவலை எனக்கு. சிஸ்டர் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

மூன்று பேரும் எழுந்தார்கள். இசக்கியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். கும்பிட்ட கை இறங்கவே இல்லை.

“இதுதானா அண்ணாச்சி? இதுதானா அந்தக் கட்டி?”

இல்லையம்மா, இது பரிசோதனைக்கு வெட்டின துண்டு, கட்டி உள்ளேதான் இருக்கிறது, டாக்டர் வந்து சொல்வார். இதுதான் உண்மை. சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்த அம்மா அழுதால் யார் பிடிப்பது, பக்கத்து வார்டில் பிரசவத்துக்கு வந்திருக்கிற பிள்ளை பயந்துவிடுமே, டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொன்னால் வேலை போய்விடுமே என்று ஒரே நேரத்தில் எல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. டாக்டர் வரட்டும் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். அதுவும் வாயில் வரவில்லை.

“ஆமா” என்றேன்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சும்மா.”

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து மாரியப்பனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். “இத்துணூண்டு, எங்க ஆளை என்ன பாடு படுத்திட்டு!” என்று அந்தத் துண்டைத் திட்டினார். மாரியப்பன் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “நல்லாப் பாத்துக்கம்மா. இனிமே இது அப்பாகிட்ட வராது” என்றான். பாட்டிலில் போட்டு மூடிக் கையில் கொடுத்தேன். ஒரு மணி பஸ்ஸுக்கு ஓடினான்.

அவன் போய்ப் பத்து நிமிஷம் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். இசக்கியம்மாள் கோயிலுக்குக் காசு முடியக் கீழே போயிருந்தார். கணபதி மட்டும்தான் இருந்தார். டாக்டர் ஒளிக்கவில்லை. “வயிறு முழுக்கப் பரவியிருக்கு. கட்டியை எடுக்க முடியல. வழி மட்டும் விட்டிருக்கேன். காயம் ஆறி உடம்பு தேறுனா மருந்து ஏத்திப் பாக்கலாம். எப்படியும் மாசக்கணக்குதான். வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிருங்க” என்றார். கேஸ் ஷீட்டிலும் ‘உறவினருக்கு நிலைமை சொல்லப்பட்டது’ என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த வார்டில் யாரும் அவர்களிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. சொல்லியாயிற்று என்றுதான் எழுதியிருக்கிறதே. பிறகு வந்த லேப் ரிப்போர்ட்டும் அந்த ஷீட்டோடு சேர்ந்துகொண்டது.

டாக்டர் படி இறங்கியதும் கணபதி என்னைக் கூப்பிட்டார்.

“என்ன அண்ணாச்சி, எடுக்கலைங்காரு? இப்பம்தான நீங்க காட்டுனீய?”

நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிரித்தார். “நான் லாரிக்காரன் அண்ணாச்சி. எத்தனை ஒர்க்‌ஷாப்பு பாத்திருக்கேன். கழத்துன பார்ட்டைக் கையில கொடுத்துட்டு, வண்டி இன்னும் ஓடாதுன்னா என்ன அர்த்தம்? அடுத்த பில்லுக்கு அடி போடுதாருன்னு அர்த்தம். கண்ணால பாத்ததை விட்டுட்டு அவரு வாயை நம்பச் சொல்லுதாரு.”

“அப்படி இல்ல...” என்று ஆரம்பித்தேன்.

“நீங்க அவருட்ட சம்பளம் வாங்குதீய. ஒண்ணும் சொல்லாண்டாம். எங்க அக்காட்ட மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீய. பையன்ட்டயும் வேண்டாம். அவன் நிம்மதியாப் போயி வேலையைப் பாக்கட்டும்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த உலகத்தில் கழற்றிய சாமானைக் காட்டுகிறவன்தான் யோக்கியன். அந்த யோக்கியனாக அன்றைக்கு நான் நின்றேன்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் என்னைப் பார்த்து, “என்ன முருகையா, மூஞ்சி செத்துப் போயிருக்கு? மாப் எண்ணிக்கை உதைக்குதா?” என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அடுத்த ஐந்து நாளில் சங்கரபாண்டியின் வயிறு வற்றியது. கஞ்சி குடித்தார். மலம் சேர வயிற்றில் ஒட்டிய பையைப் பார்த்து, “ஓய், பொறத்தால போக வேண்டியதை முன்னால வச்சுத் தைச்சுப்புட்டீரே! இதை எப்பம்யா கழத்துவீரு?” என்று கேலி பேசினார். அவர் முகத்தில் களை வந்ததைப் பார்த்து எனக்கே ஒரு நப்பாசை வந்தது. ஒருவேளை டாக்டர் கணக்குத் தப்பாக இருந்தால்? கண்ணால் பார்த்த எனக்கே அப்படித் தோன்றியது.

மாரியப்பனுக்கு வியாழக்கிழமை ரயில். பெரிய டாக்டர் வருவது வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் தியேட்டர் வாசலில் என்னைத் தேடி வந்தான். கையில் எனக்கென்று ஒரு டீ.

“அண்ணாச்சி, ஒரு யோசனை கேக்கணும். லீவை நீட்டணும்னா டாக்டர்ட்ட சர்டிபிகேட் வாங்கி அனுப்பணும். நீட்டிட்டா அப்புறம் தீபாவளிக்கு வர விட மாட்டான். இப்பம் போயிட்டா தீபாவளிக்கு நாப்பது நாள் சேத்து எடுத்துரலாம். அப்பாவும் நல்லா நடமாடுவாரு, கூடவே இருக்கலாம். எது சரின்னு சொல்லுங்க.”

“டாக்டரைக் கேளுங்க தம்பி.”

“அவரு நாளான்னைக்குல்லா வருவாரு. மாமாட்ட கேட்டா போயிருலேங்காரு. நீங்கதான உள்ள இருந்தீய, நீங்க சொல்லுங்க.”

தம்பி, தங்கைகளே, இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். முதல் தடவை வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு ஐந்து நாள் அவகாசம் கிடைத்திருந்தது. அவனாகத் தேடி வந்து, தனியாக, நிதானமாகக் கேட்கிறான். ‘போகாதே’ என்று ஒரு சொல் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் ‘போகாதே’ என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் தட்டு வரும். தட்டு வந்தால் சிஸ்டர், பெரிய டாக்டர், எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் பயம் அங்கேதான் போய் நின்றது. அவன் அப்பாவைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

“தீபாவளிக்கே வாங்க தம்பி” என்றேன். அந்த டீயையும் குடித்தேன்.

சங்கரபாண்டி வீட்டுக்குப் போன ஆறு வாரத்தில் ஒரு நாள் அவர்களைக் குற்றாலத்தில் பார்த்தேன். என் வீடு அங்கேதான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். சீசன் முடிகிற சமயம், சாரல் விட்டு விட்டுப் பெய்தது. ஐந்தருவிப் பாதையில் ஒரு ஆட்டோ நின்றது. இசக்கியம்மாள் அருவித் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து வந்து, ஆட்டோவுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். பை நனையாமல் வயிற்றைச் சுற்றி உரச்சாக்கின் உள்தாளைக் கட்டியிருந்தார்கள். முதலில் யாரோ என்று நினைத்தேன். அவ்வளவு மெலிந்திருந்தார்.

“ஓய் தியேட்டரு! நான் அருவிக்குப் போக முடியலைன்னு அருவியே எறங்கி வந்துட்டு பாத்தீரா!” என்றார். சிரித்த வாய்க்கு மேலே கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

மஞ்சள் கண் என்றால் ஈரல் கைவிட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். இசக்கியம்மாளுக்குத் தெரியவில்லை. “சூடு அண்ணாச்சி. கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கேன். கட்டிதான் போயிட்டே, இந்தச் சூடு மட்டும் எறங்கிட்டா தேறிருவாவ” என்றார்.

மகனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு பாறை ஓரமாகப் போய் நின்று அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அன்றைக்குப் பதினேழு தடவை அடித்தேன், மறுநாளும் அடித்தேன். மூன்றாம் நாள் காலையில் அவனே கூப்பிட்டான். மலை மேல் ஏதோ ஒரு காவல் சாவடியில் இருந்தானாம்.

“உடனே கிளம்பி வாங்க தம்பி.”

“ஏன் அண்ணாச்சி? கட்டியைத்தான் எடுத்தாச்சே?”

“எடுக்கல. நான் காட்டினது பரிசோதனைக்கு வெட்டின துண்டு. கட்டி உள்ளதான் இருக்கு.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு, “சரி” என்றான். வைத்துவிட்டான்.

மலையிலிருந்து இறங்க ஒரு நாள். டில்லி வரை ஒரு நாள். டில்லியிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, தென்காசிக்கு ரயிலில் வந்து இறங்கியபோது காலை எட்டு மணி. சங்கரபாண்டி முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்விட்டார். ‘மாரி எங்கன வாரான்’ என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். மதுரை தாண்டிட்டான், ராஜபாளையம் தாண்டிட்டான் என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். நான் துஷ்டிக்குப் போனேன். குளிர்பெட்டிக் கண்ணாடியின் மேல் கையை ஊன்றி நின்றவனைத் தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நானும் ஒருநாள் அப்படிச் சொல்லியிருக்கேன் முருகையா. அதான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். ஏன்னு உனக்குச் சொல்லாம விட்டது என் தப்பு” என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். டாக்டர் பேசும் முன்னால் வெளியே போகாதீர்கள். பஸ் போனால் போகட்டும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கதவைத் திறக்கும் முன்பே இது என்ன என்று ஒரு வரி தயார் பண்ணிக்கொள்ளுங்கள். உள்ளேயே சிஸ்டரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வெளியே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்த பிறகு புதிதாக எதுவும் வாயில் வராது, பொய்தான் வரும். இப்படி எழுதுவதால் நடந்தது மாறிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து மாரியப்பன் ஆஸ்பத்திரி பாக்கியைக் கட்ட வந்தான். மொட்டைத் தலை. ஆபீஸ் ஜன்னலில் நோட்டுக் கட்டோடு நின்றவன் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“எங்க அம்மா கேட்டதுனால சொன்னீயளா? நீங்களாவே சொன்னீயளா?”

“அம்மா கேட்டாங்க தம்பி.”

“அன்னைக்குச் சரி. நான் கேட்டப்ப?”

எனக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. அவனுக்கு இருபத்தெட்டு இருக்கும்.

“அம்மாட்ட நான் சொல்லல. எடுத்தும் நிக்கலைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும். நீங்களும் எங்க வீட்டுப் பக்கம் வராதீய” என்றான். நோட்டுக் கட்டை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனான்.

பாக்கி இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். அவனுக்கு மாதா மாதம் போன் பண்ணிக் கேட்கும்படி ஆபீஸில் என்னிடம்தான் சொன்னார்கள், வீட்டாளைத் தெரிந்தவன் நான்தான் என்று. அந்தத் தொகையை என் பெயரில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நல்ல மனசு என்று கணக்கர் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. வேறு யாராவது போன் பண்ணினால் ஏன் கட்ட மாட்டேன் என்று அவன் காரணம் சொல்லிவிடுவானே என்ற பயம்தான். மாதம் அறுநூறு வீதம் இருபத்தாறு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் இன்னும் பாக்கி.